இரண்டாவது அட்டை

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த இஸ்திரியம்மா தன் கணவரிடம் ஏழு கேள்வி கேட்டதும், அவர் ஒன்றுக்கும் வாய் திறக்காமல் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்ததும் போன வாரக் கதை. வண்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பதில்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரரிடம் அவர் ஓர் ஓட்டலின் பெயரைச் சொன்னார். டாக்சிக்காரர் இருவரையும், அவர்கள் கையிலிருந்த ஜிப் அறுந்த பையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்பக்கத்து வாசலா, முன்பக்கமா?"

"இத்தனை வருஷமா எல்லா ஓட்டலுக்கும் பின்பக்கமாத்தான் போயிருக்கேன். இன்னிக்கு முன்பக்கமே போங்க," என்றார் லிப்ட்காரர்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவள் ஒரு லாண்டரியில் சட்டை தேய்க்கிறவள். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து சட்டை. பிள்ளை கிடையாது. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி மட்டும் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால், அவரோடு வேலை பார்த்த ஒருவர் லிப்டின் அடிப் பள்ளத்தில் நின்று கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுவிட, லிப்ட் அவர் மேலேயே இறங்கிவிட்டது. ஆள் அங்கேயே போய்விட்டார். எந்நேரமும் விசில் அடித்துக்கொண்டே வேலை செய்வார் என்பதால் விசில்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். அன்றைக்கு மேலே, பக்கத்து லிப்டின் மோட்டார் சத்தத்தில், விசில் கேட்கவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு இந்த ஊரில் விசாரணை. "நான் சும்மா சாட்சிதான்," என்று அவளிடம் சொல்லியிருந்தார். அதை அவள் நம்பியும் நம்பாமலும் பெட்டி கட்டியிருந்தாள்.

விசாரணைக்கு வருகிறவன் ஸ்டேஷனுக்கு எதிரே, தண்ணீர் நேரம் பார்த்து வரும் லாட்ஜில் தங்குவான். அரச குடும்பங்கள் தங்கிப்போன, நூற்று நாற்பது வயசு ஓட்டலில் அறை எடுப்பானா?

"என்னங்க இது? யார் காசு?"

"நம்ம காசுதான். பல்லு கட்ட வச்சிருந்தேனே, அது."

"அப்போ பல்லு?"

"அது ஏற்கெனவே போயிடுச்சேம்மா. இனிமே எங்க போகப் போகுது?" என்று முன்பக்கத்து இரண்டு இடைவெளியையும் காட்டிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சோப்பைப் பாதியாக அறுத்து வைத்து மறுபாதியை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்கிற மனிதர் இவர். அந்த மனிதர் ஒரே நாளில் ஊதாரி ஆனால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம் வராது; பயம்தான் வரும்.

ஆற்றாமையில், போர்டிகோவில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள். "உங்க மாமாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குடா. அரண்மனை மாதிரி ஓட்டல்ல ரூம் போட்டிருக்காரு," என்று பெயரையும் சொன்னாள். "அப்படியா அக்கா," என்றான் அவன். குரலில் ஆச்சரியமே இல்லை. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

*

முன்கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வழவழவென்று மார்பிள் தரை. சுவரெல்லாம் மீசை வைத்த கனவான்களின் படம். நடுவில், படிக்கட்டு வளைந்து ஏறுகிற இடத்தில், இரும்புக் கூண்டு போல ஒரு பழைய லிப்ட். மடக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, தொப்பி வைத்த முதிய ஆபரேட்டர்.

லிப்ட்காரர் அதன் முன்னால் போய் நின்றார். கோயிலுக்குப் போனவர் போல இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றார். கேபிள் ஓடுகிற சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாப் பாத்துக்கிறாங்க," என்றார்.

"வாங்க சார், மூணாவது மாடிதானே?" என்று ஆபரேட்டர் கதவை மடக்கித் திறந்தார்.

"இல்லைங்க. நான் படியிலயே வர்றேன்."

அவள் அப்போதுதான் கவனித்தாள். இரண்டு மாதமாக இவர் எந்த லிப்டிலும் ஏறியதைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. வங்கியில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் படி. மூட்டுக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்ட தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அறையில் நான்கு பேர் தாராளமாகப் படுக்கிற கட்டில். அவள் முதல் வேலையாகப் போர்வையின் ஓரத்தைத் தூக்கி விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.

"கஞ்சி ஜாஸ்தி. மடிப்பும் கோணல்," என்றாள்.

"ராஜா படுத்த கட்டில். அதுலயும் உனக்குக் குறையா?"

"ராஜா படுத்தா மட்டும் மடிப்பு நேராகிடுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்தது இரண்டு மாதத்தில் முதல் தடவை. கதவைத் தள்ளித் திறந்து பால்கனியில் போய் நின்றார். கைப்பிடிச் சுவர் அவர் இடுப்புக்குக்கூட வரவில்லை. கீழே, வெகு ஆழத்தில், கல் பாவிய முற்றம்.

"உள்ள வாங்க," என்றாள்.

"காத்து நல்லா இருக்கு."

"உள்ள வாங்கன்னா வாங்களேன்."

வந்தார். அவள் தோளில் கை வைத்தார். "இந்தா பாரு. இன்னிக்கு ஒரு நாள் எதையும் கேக்காத. ராத்திரி கீழ உக்காந்து சாப்பிடும்போது நானே எல்லாத்தையும் சொல்றேன். அது வரைக்கும் நாம பெரிய மனுஷங்க. சரியா?"

எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம்? சாட்சிக்கு வந்தவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் அவள் விழித்தபோது பாய் காலியாக இருந்தது. மொட்டை மாடிக்குப் போகிற கதவு திறந்து கிடந்தது. அவள் ஓடுவதற்குள் அவரே இறங்கி வந்துவிட்டார். "தூக்கம் வரலை," என்றார். அவர் முகத்தில் இருந்தது தூக்கமின்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பெயர் வைக்கத்தான் பயமாக இருந்தது.

அந்தப் பயம் இப்போது மூன்றாவது மாடியில், பல்லு கட்டுகிற காசில், அவள் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தது. கடைசித் தடவையாக ஒரு மனிதன் பெண்டாட்டிக்கு நல்லது செய்து பார்க்க நினைத்தால் இப்படித்தான் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

*

குளியலறையில் நான்கு கால் வைத்த தொட்டி. "இதுல ஒரு மணி நேரம் ஊறப் போறேன்," என்று போனார்.

"தாழ்ப்பாள் போடாதீங்க."

"ஏன்?"

"எனக்கு ஏதாவது வேணும்னா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடு நடுவே அவர் தொண்டையைச் செருமுகிற சத்தத்தை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். நாளைக்கு அவர் போடப்போகிற வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். மணியடித்து இஸ்திரிப் பெட்டி கேட்டாள். "நீங்க குடுங்க மேடம், நாங்களே தேய்ச்சுக் கொண்டு வர்றோம்," என்று வந்த பெண் பணிவாகச் சொன்னாள். "உங்க லட்சணத்தைத்தான் கட்டில்ல பாத்துட்டேனே. பெட்டியைக் கொண்டாம்மா," என்றாள் இஸ்திரியம்மா.

லாண்டரியில் சட்டையைக் கையில் எடுத்தால் முதல் வேலை பையைத் துழாவுவது. பேனா, சில்லறை, காதல் கடிதம், என்னவெல்லாமோ கிடைக்கும். எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடுவார்கள். பழக்கதோஷத்தில் அவள் விரல் பைக்குள் போயிற்று.

பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஓர் அட்டை இருந்தது.

அவள் அறியாத அட்டை இல்லை. லிப்ட் வேலைக்குப் போகிற ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் கம்பெனி கொடுப்பது. சிவப்பு நிறம், ஒரு பக்கம் பெயரும் போட்டோவும். பள்ளத்தில் இறங்குவதற்கு முன்னால் மேலே மெயின் சுவிட்சை அணைத்து, அதில் இந்த அட்டையை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். பின்பக்கம் பென்சிலால், கீழே எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். மாட்டியவன்தான் வந்து கழற்ற வேண்டும். ஆண்டவனே வந்தாலும் அடுத்தவன் அட்டையில் கை வைக்கக் கூடாது. இதைத் தாலி மாதிரி என்று விசில்காரர் கேலி செய்வாராம்.

கணவரின் போட்டோ. கணவரின் பெயர். ஆனால் அவருடைய அட்டை சாவிக்கொத்தோடு மேஜை மேல் கிடந்தது. அவள் அதை எட்டி எடுத்துப் பார்த்தாள். ஒரே முகம், ஒரே பெயர், இரண்டு அட்டை.

இரண்டாவது அட்டை எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

தம்பி லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றான். அட்டை இல்லாதவனை எந்தக் கட்டடத்திலும் உள்ளே விட மாட்டார்கள். சும்மா வீட்டில் கிடந்தான். அவள்தான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "உங்களோடது தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி ஆபீஸ்ல இன்னொண்ணு வாங்குங்களேன். பரீட்சை பாஸ் பண்ற வரைக்கும் அவன் வச்சுக்கட்டும். நம்ம வீட்டுப் பையன்தானே?" அவர் முடியாது என்றார். நான்காம் நாள் கொண்டு வந்து கொடுத்தார்.

அட்டையைத் திருப்பினாள். பென்சிலில், வலது பக்கம் சரிந்து விழுகிற எழுத்து. 'கீழே 2 பேர். 10.40.'

தம்பியின் அந்தச் சாய்ந்த எழுத்தைக் கை பிடித்துப் பழக்கியவளே அவள்தான். எத்தனை சொன்னாலும் நேராக வரவே வராது.

டெலிபோன் மணி அடித்தது. எடுத்தாள்.

"மேடம், உங்க தம்பி கீழ காத்திட்டிருக்கார்."

*

டீ குடிக்கிற கூடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில், பஞ்சு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் தாடி. ஊரில் இருக்க வேண்டியவன், அவர்களுக்குப் பின்னாலேயே அடுத்த வண்டியில் வந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கையில் அட்டை இருப்பதைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"இது உன் எழுத்துதானே?"

"சத்தமாப் பேசாத அக்கா."

"உன் எழுத்தான்னு கேட்டேன்."

தலையை ஆட்டினான்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கே. விசில்காரரும் நீயுமா?"

"நான் ஒரு சிகரெட் பிடிக்கலாம்னு மேல ஏறி வெளிய வந்தேன். அஞ்சே நிமிஷம். அவர் கீழயே இருந்தார்." அவன் உதடு கோணியது. "மாமா வேற கட்டடத்துல இருந்து திரும்பி வந்து மேல போயிருக்காரு. சுவிட்சுல அட்டை. அவர் பேரு, அவர் போட்டோ. காலையில தானே மாட்டி மறந்துட்டோம்னு நினைச்சிருக்காரு. தன் அட்டைதானேன்னு கழட்டிட்டு சுவிட்சைப் போட்டுட்டாரு. பின்னால திருப்பிக்கூடப் பாக்கலை. அவரோட நிஜ அட்டை அவர் பையிலயே இருந்திருக்கு."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவிட்சைப் போட்டது யாரோ இல்லை. போட வைத்தது அந்த அட்டை. அட்டையைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது யார்?

"நாளைக்கு மாமா அதை மேஜை மேல தூக்கி வைக்கப் போறாரு. நேத்து போன் பண்ணிச் சொன்னாரு, மனசைத் தயார் பண்ணிக்கோடான்னு. வச்சா என்ன ஆகும் தெரியுமா? பொய் சொல்லி ரெண்டாவது அட்டை வாங்கினவருன்னு அவரைப் பிடிப்பாங்க. லைசென்ஸ் இல்லாம இறங்கினவன்னு என்னைப் பிடிப்பாங்க. ரெண்டு பேரும் ஜெயில்ல. நீ தனியா."

"வைக்கலைன்னா?"

"பதிவேட்டுல என் பேரே இல்லை. நான் அங்க இல்லவே இல்லை. விசில்காரர் அட்டை மாட்டாம தானா இறங்கிட்டார்னு கம்பெனி எழுதி வச்சிருக்கு. அதோட முடிஞ்சுது."

"செத்தவர் தலையிலயா?"

"செத்தவருக்கு இனிமே என்ன அக்கா நஷ்டம்?"

பளாரென்று ஒன்று விட வேண்டும் போலக் கை பரபரத்தது. விசில்காரரின் மனைவி, எட்டாவது நாள் அவள் தோளில் சாய்ந்து சத்தமே வராமல் அழுதவள், கண் முன்னால் வந்தாள். இஸ்திரியம்மா அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி அதைப் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"என்னை விடு. மாமாவைப் பாரு. அந்த மனுஷன் ஜெயில் தாங்குவாரா? இப்பவே பாதி ஆளாயிட்டாரு. நாளைக்கு நாலு பேர் முன்னால நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டு வெளிய வந்தா, அந்த ராத்திரி உயிரோட இருப்பாரா? நீயே சொல்லு. பல்லு கட்டுற காசை எடுத்து இந்த மாதிரி இடத்துல ரூம் போடறவரு நல்லபடியா இருக்கிற ஆளா?"

அவள் வாய்விட்டுச் சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். மொட்டை மாடிக் கதவு, இடுப்புக்குக்கூட வராத கைப்பிடிச் சுவர், சாத்தின குளியலறை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மேலே அவரைத் தனியாக விட்டு வந்து எத்தனை நிமிஷம் ஆயிற்று?

"அந்த அட்டை இல்லைன்னா அவர் சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது. அதிர்ச்சியில உளர்றாருன்னு விட்டுடுவாங்க. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அவரைக் காப்பாத்துறது இப்ப உன் கையில இருக்கு அக்கா."

கையை நீட்டினான். சின்ன வயதில் மிட்டாய்க்கு நீட்டிய அதே மாதிரி, உள்ளங்கையை விரித்து.

நல்லவளா கெட்டவளா என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. மேலே ஓட வேண்டும். அவர் தொண்டையைச் செருமுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். அதற்குக் குறுக்கே இந்தக் கை நீண்டிருந்தது.

கொடுத்துவிட்டாள்.

"எட்டரை வண்டியில போயிடறேன்," என்று அவன் அட்டையை உள்பையில் வைத்துக்கொண்டான். அவள் காலைத் தொட்டான். அவள் ஆசீர்வாதம் பண்ணவில்லை. லிப்டை நோக்கி ஓடினாள்.

*

அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்தது மட்டுமில்லை, முழங்கால் வரை தொங்குகிற ஓட்டலின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.

"எப்படி? மீசை மட்டும் வச்சா கீழ படத்துல மாட்டிடலாம் இல்ல?"

அவள் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சோப்பு வாசனை அடித்தது.

"அடடா, என்னம்மா? எங்க போயிட்ட நீ?"

"சும்மா. கீழ சுத்திப் பாக்க."

வெள்ளைச் சட்டையைப் பரபரவென்று தேய்த்து, அலமாரியில் மாட்டி, கதவைச் சாத்தினாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் படியிலேயே இறங்கினார்கள்.

ஏழரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் பாதி நிரம்பியிருந்தது. தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று கத்தியும் கரண்டியும் அணிவகுத்து நின்றன. கையுறை போட்ட சர்வர் சூப்பை ஊற்றிவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

"இப்ப சொல்றேன். நடுவுல பேசாத," என்றார் லிப்ட்காரர்.

சொன்னார். தம்பி சொன்னதையேதான் சொன்னார். ஆனால் தம்பி ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்ததை அவர் ஒவ்வொரு படியாக ஏறிப் போய், சுவிட்சின் முன்னால் நின்று, அட்டையைக் கழற்றி, விரல் சுவிட்சைத் தொடுகிற வரைக்கும் சொன்னார். அங்கே வந்ததும் கரண்டியால் சூப்பை வெறுமனே கலக்கினார்.

"நீ கேட்டதாலதான்னு நினைக்காத. வாங்கிக் குடுத்தது நான். திருப்பிப் பாக்காதது நான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போன மாசம் விசிலோட பெண்சாதி வேலை செய்ற இடத்துக்கே வந்துச்சு. அவர் அட்டை மாட்டாம இறங்கிட்டாரு, அவர் தப்புதான், ஒண்ணும் குடுக்க முடியாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். குவார்ட்டர்சைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். நான் பணத்தைப் பத்திக் கேக்கப் போகுதுன்னு நினைச்சேன். அது கேக்கலை. 'அண்ணே, அவர் அப்படி அசட்டையா இருக்கிற ஆளா? பசங்ககிட்ட உங்கப்பா தன் கவனக்குறைவால செத்தார்னு சொல்லவா'ன்னு கேட்டுச்சு. எனக்கு அந்த அட்டை மாட்டக் கத்துக் குடுத்ததே அவர்தாம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் விடியறதுக்கு முன்னால மாடிக்குப் போனேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குப் போனேன்னு உனக்குத் தெரியும். நீ கேக்கலை, நானும் சொல்லலை. சுவர் ஓரத்துல நின்னப்போ சட்டைப் பையில அந்த அட்டை குத்துச்சு. இது வெளிய வராம நான் போயிட்டேன்னா அவர் பேரு காலத்துக்கும் அப்படியே நின்னுடுமேன்னு தோணுச்சு. அதனாலதான் இறங்கி வந்தேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை. உன்னைக்கூட அப்ப நினைக்கலை. மன்னிச்சுடு."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணினதும் தூக்கம் வந்துடுச்சு, தெரியுமா? நாளைக்கு ஜெயில்னு சொன்னா ஜெயில். எத்தனை வருஷமோ தெரியாது. அதுக்கு முன்னால உன்னை ஒரு நாள் இந்த மாதிரி உக்கார வச்சுச் சாப்பிடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். ஊதாரித்தனம்தான், ஒத்துக்கறேன்." ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். "நாளைக்கு நீயும் உள்ள வா. அட்டையை நீதான் எடுத்துக் குடுக்கணும். எனக்குக் கை நடுங்கும்."

அவரைக் காப்பாற்றத்தான் கொடுத்தாள். எது அவரை மாடியிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கூட்டி வந்ததோ, சரியாக அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். யாரை நோவது? அந்த நீட்டிய கையையா, அதை நீட்டப் பழக்கிய தன்னையா?

சொல்லாமல் இருந்துவிடலாம். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பையைத் தொட்டுப் பார்க்கும்போது தானாகத் தெரியும். அப்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்ததுமே வாய் திறந்துவிட்டது.

"சாயங்காலம் தம்பி வந்திருந்தான்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இத்தனை நேரம் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று, கோபம்கூட வராமல், அப்படியே வடிந்து போயிற்று.

"குடுத்துட்டியா?"

"நீங்க செத்துடுவீங்கன்னு சொன்னான். நான் பயந்துட்டேங்க. நான் பயந்துட்டேன்."

போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லிற்று.

"ஸ்டேஷனுக்குப் போலாம். எட்டரை வண்டி. எந்திரிங்க. இப்பப் போனா பிடிச்சுடலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ போயிட்டு வா," என்றார். குரல் ரொம்பப் பதவிசாக இருந்தது. "நான் ரூமுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கறேன்."

"வேணாம். என்கூட வாங்க."

"கால் வலிக்குதும்மா. நீ போ."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருபத்தாறு வருஷம் இரும்பு தூக்கிய உடம்பு. நாற்காலியோடு ஒட்டிப்போனது மாதிரி அசையவில்லை. சுவர்க் கடிகாரம் எட்டடிக்கப் பத்து நிமிஷம் என்று காட்டிற்று. போனால் இவர் தனியாக மாடி ஏறுவார். இருந்தால் அட்டை ஊரைவிட்டே போய்விடும். நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகு இவரை நிறுத்தி வைக்க ஒன்றும் இருக்காது.

அவள் திரும்பினாள். சுவரோரம் நின்ற சர்வரின் கையைப் பிடித்தாள், கையுறையோடு.

"ஐயா, நீங்க யாரோ எவரோ. இவரை ரூமுக்கு விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. தனியா மட்டும் விட்டுடாதீங்க!"

அவள் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்வர் அவளைப் பார்த்தார், லிப்ட்காரரைப் பார்த்தார், தூரத்தில் நின்று முறைத்த மேனேஜரைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, விருந்தாளிகள் மட்டும் உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா," என்றார்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். போர்டிகோவில் ஒரு டாக்சிகூட இல்லை.